காவேரிப்பட்டினத்துப் புளியை வெளிநாட்டில் விற்க எந்த ஊர் உரிமம்?

மாசி வந்துவிட்டால் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் பக்கம் திண்ணைக்குத் திண்ணை புளிதான். போன மாசியில் தங்கை வீட்டுக்குப் போனபோது அவளும் அவள் மாமியாரும் கோணியை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, பழத்தைக் கீறிக் கொட்டையைத் தள்ளி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் விரல் நுனி கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தங்கை கேட்டாள்: "அண்ணா, அவர் துபாய்ல லைசென்ஸ் எடுத்துடலாம்னு சொல்றாரு. சிங்கப்பூர்ல இருக்கிற அவர் சித்தப்பா பையன் அங்கதான் சுலபம்னு சொல்றான். நீதான் கணக்கு எழுதுற ஆளாச்சே, எது நல்லது?"

எங்கள் மாப்பிள்ளை ஷார்ஜாவில் தங்கி, துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பெட்டியில் கொஞ்சம் புளி, சாமை, ராகி மாவு கொண்டுபோய்த் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துப் பழக்கிவிட்டார். இப்போது வாட்ஸ்அப்பில் நாற்பது வீடுகள் கேட்கின்றன. முறையாக ஓர் இணையக்கடை போட வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. எனக்கும் அந்த ஆசை பிடித்திருந்தது. கிருஷ்ணகிரியில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில், ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் பார்த்தேன். இதே யோசனையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். 'வெளிநாட்டு லைசென்ஸ்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனி அனுமதிகள். அந்த நாட்டில் வியாபாரம் செய்ய ஒன்று. அந்தப் பொருளை அந்த நாட்டுக்குள் கொண்டுவர இன்னொன்று. உண்ணும் பொருளாக இருந்தால் இதுதான் கடினம். மூன்றாவது, நம் நாட்டிலிருந்து பொருளையோ பணத்தையோ வெளியே அனுப்ப. முதல் தாளின் விலையை மட்டும் வைத்துக்கொண்டு துபாய் மலிவா, சிங்கப்பூர் மலிவா என்று பார்ப்பவர்கள் பின்னால் மற்ற இரண்டிலும் மாட்டிக்கொள்கிறார்கள். எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால், பொருள் எங்கே இறங்கும், யார் வாங்குவார்கள், கடை யார் பேரில் இருக்கும் என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்தே அனுப்புவது

வெளிநாட்டு உரிமமே எடுக்காமல், இங்கிருந்து ஏற்றுமதியாளராகப் பார்சல் அனுப்பும் வழி இது. ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி இறக்குமதி எண் வேண்டும். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டினால் வந்துவிடும். பான், ஆதார், வங்கிக் கணக்கு போதும். யாருக்கும் தனியாகக் கமிஷன் கொடுக்கத் தேவையில்லை. எடுத்த பிறகு ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். இதை மறந்து, சரக்கு கிளம்பும் நாளில் எண் முடங்கிக் கிடப்பதைப் பார்த்துத் தவித்தவர்கள் எனக்கே தெரிந்து இருவர்.

ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. சுமை இல்லை. பதிவு எடுத்து, ஒவ்வொரு நிதியாண்டும் ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் உறுதிமொழி கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் அனுமதி வேண்டும். உள்ளூர்க் கடைக்கு எடுக்கும் சின்னப் பதிவு ஏற்றுமதிக்குப் போதாது, மத்திய உரிமம் எடுக்க வேண்டும். அப்புறம் வாரியப் பதிவு. புளி நறுமணப் பொருள் வாரியத்தின் 52 பொருள்களில் ஒன்று, அதனால் அங்கே ஒரு பதிவு. சாமையும் ராகியும் வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் அபெடாவின் கீழ் வருகின்றன, அங்கே இன்னொன்று. ஒரே திண்ணையில் கிடக்கும் மூன்று மூட்டைக்கு இரண்டு வாரியம்.

அனுப்புவதற்கு அஞ்சல் துறையின் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்கள் 2022 முதல் இருக்கின்றன. சுங்கத்துக்கான அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலை இணையத்திலேயே நிரப்பி, பார்சலை அங்கே ஒப்படைக்கலாம். கூரியர் என்றால் நமக்குச் சென்னையைவிடப் பெங்களூரு விமான நிலையம் கிட்டம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. புளி கனமான சரக்கு, விலை குறைந்த சரக்கு. ஒரு கிலோ புளியை விமானத்தில் அனுப்பும் கூலி புளியின் விலையைப் போலப் பல மடங்கு. மாம்பழக் கூழ் டப்பாவுக்கும் இதே கதைதான். கைத்தறித் துணியோ நகையோ விற்பவர்களுக்கு இந்த வழியை மனதாரச் சொல்வேன். புளிக்கும் சாமைக்கும் வீடு வீடாகப் பார்சல் கட்டாது. இருந்தாலும் இந்தப் பதிவுகள் வீண் இல்லை. வெளிநாட்டில் எந்த உரிமம் எடுத்தாலும், சரக்கு நம் ஊரிலிருந்து கிளம்பும் வரை இவை அத்தனையும் வேண்டும்.

துபாய்: ஃப்ரீ சோனா, மெயின்லேண்டா?

மாப்பிள்ளைக்குத் தினமும் விளம்பரம் வருகிறது. ஆன்லைன் வியாபார உரிமம், நூறு சதவீதம் உங்கள் பேரில், வரி இல்லை, மூன்று நாளில் கையில் என்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நூறு சதவீத உரிமைக்கு, தனி விதிகள் உள்ள தொழில் வளாகமான ஃப்ரீ சோனுக்குத்தான் போக வேண்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. 2021 ஜூன் முதல் மெயின்லேண்டில், அதாவது ஃப்ரீ சோனுக்கு வெளியே உள்ள பகுதியிலும், பெரும்பாலான தொழில்களுக்கு வெளிநாட்டவர் முழு உரிமையாளராக இருக்கலாம். வரியும் இல்லாமல் இல்லை. 2018 முதல் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம் இருக்கிறது; விற்பனை ஆண்டுக்கு 3,75,000 திர்ஹாமைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 2023 ஜூன் முதல் கம்பெனி வரியும் வந்துவிட்டது, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். சின்ன வியாபாரத்துக்கு வரி வராமல் போகலாம், ஆனால் கம்பெனி என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும். கம்பெனி வரிக்குக் காலத்தில் பதியாவிட்டால் அபராதமே 10,000 திர்ஹாம். ஃப்ரீ சோன் கம்பெனிக்கும் இது பொருந்தும். விளம்பரத்தில் இதெல்லாம் இருக்காது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஃப்ரீ சோன் உரிமம் மலிவாகத் தெரியும், சீக்கிரம் கிடைக்கும். ஆனால் சுங்கக் கணக்கில் ஃப்ரீ சோன் நாட்டுக்கு வெளியே இருப்பது மாதிரி. அங்கிருந்து சரக்கு துபாய் வீட்டுக்குப் போனால் அது இறக்குமதி. அந்த எல்லையைத் தாண்ட, பொதுவாக மெயின்லேண்டில் உரிமம் உள்ள ஒரு விநியோகஸ்தரோ இறக்குமதியாளரோ வேண்டியிருக்கும். சரக்கை அங்கே இறக்கி சவுதிக்கும் ஓமனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்புகிறவர்களுக்கு ஃப்ரீ சோன் அருமையான ஏற்பாடு. நம் நாற்பது வீடுகளோ தேராவிலும் கராமாவிலும் ஷார்ஜாவிலும் இருக்கின்றன. வாங்குகிறவர் மெயின்லேண்டில் இருக்கும்போது கடையை வேலிக்கு அந்தப் பக்கம் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

என்னிடம் கணக்கு எழுதும் ஒருவரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். மாங்காய் ஊறுகாய் போடுகிறவர், உழைப்பாளி. ஓர் ஏஜென்ட் பேச்சை நம்பி, இங்கே இருந்தபடியே 'விசா இல்லாத' ஃப்ரீ சோன் பேக்கேஜ் எடுத்தார். உரிமம் பத்து நாளில் மின்னஞ்சலில் வந்தது. வங்கிக் கணக்கு வரவில்லை. அங்கே குடியிருப்பு விசாவும் எமிரேட்ஸ் ஐடி என்கிற அடையாள அட்டையும் இல்லாத உரிமையாளருக்குக் கணக்கு திறக்க வங்கிகள் தயங்கின. ஏழு மாதம் ஓடியது. அதற்குள் இன்னொன்று தெரிந்தது: உரிமத்தில் எழுதியிருந்த தொழில் வகையில் உணவுப் பொருளே இல்லை. அதைச் சேர்க்கத் தனிக் கட்டணம், தனி அனுமதி. ஒரு பாட்டில் ஊறுகாய்கூட விற்காமல் முதல் வருடம் முடிந்து, புதுப்பிக்கச் சொல்லி ரசீது வந்தது. என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ரசீதை மடித்து மடித்துப் பிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: பணம் கட்டுமுன் உரிமத்தில் அச்சாகப் போகும் தொழில் வகையை எழுத்தில் வாங்குங்கள். நிறுவன அட்டை, விசா, மருத்துவப் பரிசோதனை, ஐடி, முகவரி வாடகை, இரண்டாம் வருடப் புதுப்பிப்பு எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையைக் கேளுங்கள்.

மெயின்லேண்ட் உரிமத்தைத் துபாயில் பொருளாதார சுற்றுலாத் துறை கொடுக்கிறது. முகவரி வேண்டும், அதற்கு வாடகைப் பதிவு வேண்டும், செலவு கூடும். ஆனால் வீட்டுக்கு நேராக விற்கலாம். மலிவான 'இ-டிரேடர்' உரிமம் ஒன்று இருக்கிறதே என்று மாப்பிள்ளை கேட்டார். அதில் பொருள் விற்பது எமிரேட்ஸ், வளைகுடா நாட்டுக் குடிமக்களுக்குத்தான். நம்மவர்கள் அதில் சேவைத் தொழில் மட்டுமே செய்யலாம். புளிக்கு அது உதவாது.

மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொன்னது இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் காசு வாங்கினால் அங்கே அதுவும் வியாபாரம்தான். உரிமம் இல்லாமல் செய்தால் அபராதம் வரும், விசாவுக்கே சிக்கல் வரலாம். உரிமம் வரும்வரை பெட்டியில் கொண்டுபோவதைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். அவர் வேறொரு கம்பெனி விசாவில் இருப்பதால், தன் பேரில் உரிமம் எடுக்க அந்தக் கம்பெனியின் தடையில்லாக் கடிதத்தையும் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உரிமம் வந்த பிறகு உணவு அனுமதி. துபாய்க்குள் வரும் ஒவ்வொரு உணவுப் பாக்கெட்டும் மாநகராட்சியில் பதிவாக வேண்டும். லேபிள் அரபியில் இருக்க வேண்டும். ஆங்கிலமும் தமிழும் கூடவே இருக்கலாம். தங்கை வீட்டில் இப்போது இருக்கும் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பெரிதாகச் 'சாமை', கீழே எடை, பின்பக்கம் கையால் எழுதி ஒட்டிய தேதிச் சீட்டு. அரபியை ஒட்டுத்தாளில் போட்டுச் சமாளிக்கலாம். தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அப்படி முடியாது. பாக்கெட்டிலேயே அழியாத மையில் அச்சாகியிருக்க வேண்டும், ஒட்டிய தேதியை ஏற்க மாட்டார்கள். ஆகவே உரிமத்துக்கு முன்னால் அவளுக்குத் தேவை ஒரு சின்னத் தேதி அச்சு இயந்திரம்.

துபாய்ப் பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022 மே 1 முதல் இந்தியா–எமிரேட்ஸ் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. பிறப்பிடச் சான்றிதழோடு போனால் நம் பொருள்கள் பலவற்றுக்குச் சுங்க வரிச் சலுகை உண்டு.

யார் பேரில் எடுப்பது?

இதை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று படுகிறது.

தங்கை இந்தியாவில் குடியிருப்பவள். அவள் பேரில் துபாயிலோ சிங்கப்பூரிலோ கம்பெனி தொடங்கினால், அது வெளிநாட்டு முதலீடு. 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி வங்கி வழியாக எஃப்.சி. படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் தனி எண் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அந்த வரம்பு நமக்குத் தாராளம். ஆனால் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் அந்தக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையையும் நிரப்ப வேண்டும். அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரியாகப் பிடிப்பார்கள். அது பிறகு வரியில் கழியும் என்றாலும் கையில் இருக்கும் முதல் முடங்கும். இன்னொரு நுணுக்கம்: அந்த நிறுவனம் வரையறுத்த பொறுப்புள்ளதாக, அதாவது கடன் வந்தால் உரிமையாளரின் சொந்தச் சொத்தைத் தொடாத வகையாக இருக்க வேண்டும். துபாயில் தனிநபர் பேரில் எடுக்கும் 'சோல் எஸ்டாப்ளிஷ்மென்ட்' வகையில் அந்தப் பொறுப்பு வரம்பு இல்லை. அதனால் இங்கே குடியிருப்பவர் அதில் முதலீடு செய்ய விதி இடம் கொடுக்கவில்லை. ஏஜென்டுகள் மலிவு என்று முதலில் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான்.

மாப்பிள்ளை வெளிநாடுவாழ் இந்தியர். அங்கே சம்பாதித்த பணத்தில் அங்கே தன் பேரில் கடை வைத்தால் மேலே சொன்ன எதுவும் அவரைத் தொடாது. எமிரேட்ஸ் ஐடி இருப்பதால் வங்கிக் கணக்கும் சுலபம். ஆகவே அங்கே கடை அவர் பேரில், இங்கே ஏற்றுமதி தங்கை பேரில் என்று பிரித்துக்கொள்வதுதான் நல்லது. புருஷன் பெண்டாட்டிதானே என்று பில்லில் விலையைக் குறைத்துப் போடக் கூடாது. வெளி ஆளுக்கு என்ன விலையோ அதே விலை. பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். இதில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன்.

சிங்கப்பூர்

சித்தப்பா மகன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அங்கே இணையக்கடைக்கென்று தனி உரிமம் கிடையாது. அக்ரா என்ற அரசுப் பதிவு ஆணையத்தில் கம்பெனியைப் பதிந்தால் போதும். பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), பதிவுக்கு 300 வெள்ளி, மொத்தம் 315. எல்லாம் வெளிப்படை, கட்டண விவரம் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். ஒழுங்கு என்று பார்த்தால் நான் பார்த்த நாடுகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

ஆனால் கம்பெனிக்கு அங்கேயே குடியிருக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். ஆறு மாதத்துக்குள் கம்பெனிச் செயலர் வேண்டும், உள்ளூர் முகவரி வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர் தானே பதிய முடியாது, அங்குள்ள பதிவு பெற்ற சேவை நிறுவனம் வழியாகத்தான் முடியும். பேருக்கு இயக்குநராக ஆள் வைத்தால் அந்தச் செலவு ஆண்டுதோறும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். சித்தப்பா மகன் நிரந்தரவாசியாக இருந்தால் அவரே இயக்குநராகலாம். விசாரித்ததில் அவர் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறார். அந்த அனுமதியில் இருப்பவர் வேறு தொழில் எதிலும் ஈடுபடக் கூடாது. நல்ல மனதோடு உதவ வந்தவரின் வேலைக்கே அது ஆபத்தாக முடியும். அவரிடம் பேசியபோது அவருக்கே இது தெரிந்திருக்கவில்லை, பாவம்.

உணவுப் பொருளுக்கு சிங்கப்பூர் உணவு முகமையில் இறக்குமதிப் பதிவும், சரக்குக்குச் சரக்கு அனுமதியும் வேண்டும். லேபிள் ஆங்கிலத்தில் போதும், அது நமக்கு வசதி. ஜி.எஸ்.டி. 2024 முதல் 9 சதவீதம், ஆனால் பத்து லட்சம் வெள்ளி விற்பனை வரை பதிவு கட்டாயமில்லை. அங்கே லிட்டில் இந்தியா எனும் தேக்கா பக்கம் ராகி மாவும் புளியும் கடைக்குக் கடை கிடைக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். துபாயில் நமக்கு நாற்பது வீடுகள் காத்திருக்கின்றன. சிங்கப்பூரில் ஒரு வீடும் இல்லை.

அமெரிக்கா பற்றியும் ஒருவர் கேட்டார். வயோமிங் மாநிலத்தில் 100 டாலரில் எல்.எல்.சி. என்ற வகைக் கம்பெனி பதியலாம் என்பது சரிதான். ஒரே வெளிநாட்டவர் வைத்திருக்கும் எல்.எல்.சி. ஆண்டுதோறும் வரித்துறைக்கு 5472 என்ற படிவம் கொடுக்க வேண்டும், தவறினால் அபராதம் 25,000 டாலர் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உணவு அனுப்ப அந்நாட்டு உணவு, மருந்து முகமையான எஃப்.டி.ஏ.வில் பதிவும், ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பும் வேண்டும். 800 டாலர் வரையான பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் உள்ளூர் இயக்குநர் தேவையில்லை, அது நல்லதுதான். ஆனால் அங்கே குடியில்லாத வியாபாரிக்கு வாட் வரம்பு கிடையாது, முதல் விற்பனையிலேயே பதிவு. நம் அளவுக்கு இரண்டுமே இப்போது வேண்டாம்.

நாங்கள் எடுத்த முடிவு

முதல் வருடம் வெளிநாட்டில் எந்த உரிமமும் எடுக்கவில்லை. தங்கை பேரில் ஐ.இ.சி. எடுத்தாகிவிட்டது, மத்திய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். துபாயில் ஏற்கெனவே உணவு இறக்குமதி உரிமம் வைத்து மளிகை வியாபாரம் செய்யும் ஒருவருக்கு மொத்தமாக, கப்பல் வழியாகச் சரக்கு அனுப்புவது. அவர் தன் பேரில் பதிந்து, தன் இணையக்கடையில் நம் பாக்கெட்டை விற்பது. அந்த நாற்பது வீடுகளும் அங்கேயே வாங்கிக்கொள்வது. லாபத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகும். ஏழு மாதம் கணக்கு திறக்காமல் காத்திருப்பதைவிட அந்தப் பங்கு எனக்குச் சின்னதாகவே தெரிகிறது. இரண்டு மூன்று முறை சரக்கு போய், வாங்குகிறவர்கள் திரும்பக் கேட்டு, வீடுகள் முந்நூறு நானூறாகப் பெருகினால் மாப்பிள்ளை பேரில் மெயின்லேண்ட் உரிமம். அதற்குள் கம்பெனியின் தடையில்லாக் கடிதமும் கிடைக்குமா என்று தெரிந்துவிடும்.

மாப்பிள்ளைக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். தன் பேரில் ஒரு கடை என்பது அவருக்குப் பத்து வருடக் கனவு, அது எனக்கும் தெரியும். அதனால் லேபிள் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். போன வாரம் அரபி வாசகத்தின் மாதிரியை அனுப்பியிருந்தார். தங்கை அதைக் கைப்பேசியில் பெரிதாக்கி மாமியாரிடம் காட்டினாள். புளிக்கு அரபியில் 'தமர் ஹிந்தி' என்று பேராம், இந்தியப் பேரீச்சை என்று பொருள் என்று மாப்பிள்ளை குரல் பதிவில் சொல்லியிருந்தார். மாமியார் கோணியிலிருந்து ஒரு புளியம்பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பேரீச்சம்பழமா?" என்று கேட்டுவிட்டு, ஓட்டை உடைத்து நாரை உருவ ஆரம்பித்தார்.